லக்னோ படா இமாம்பாடா: தூணே இல்லாத கூடம் எப்படி நிற்கிறது?

கேள்வி, ஜனவரி 6

போன வாரம் குடும்பத்தோடு லக்னோ போயிருந்தோம். படா இமாம்பாடாவில் 50 மீட்டர் நீளத்துக்கு ஒரே கூடம். நடுவில் ஒரு தூண் கிடையாது. உத்தரம், இரும்பு, மரம் எதுவும் கிடையாதாம். "இந்த ரகசியம் இன்றைக்கு வரைக்கும் எந்த இன்ஜினியருக்கும் தெரியாது" என்று கைடு சத்தியம் செய்யாத குறை. கூரைக்கு மேலே இருக்கும் புதிர்ப்பாதை எதிரியைக் குழப்பக் கட்டியதாம். கட்டட வேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், நிஜமாகவே ரகசியமா?

பதில், ஜனவரி 6, இரவு

ரகசியம் ஒன்றும் இல்லை. 50 மீட்டர் என்பது நீளம். வளைவுக் கூரைக்கு நீளம் ஒரு பொருட்டே இல்லை, அகலம்தான் கணக்கு. அங்கே அகலம் சுமார் 16 மீட்டர். ரயில் சுரங்கத்துக்கு நடுவில் ஏன் தூண் இல்லை என்று யாராவது கேட்கிறோமா? செங்கல்லை வைத்து வளைவு கட்டி, இரண்டு பக்கமும் கனமான சுவரை நிறுத்திவிட்டால் நிற்கும். அவ்வளவுதான். 1784-ல் கட்டி முடித்தது, இன்னும் நிற்கிறது.

ஜனவரி 7, காலை

நேற்று எழுதியதை இப்போது படித்தால் கொஞ்சம் திமிராகத் தெரிகிறது. 16 மீட்டர் என்றால் 53 அடி. அதுவும் சின்ன வேலை இல்லை. கார் நிறுத்த 14 அடி அகலத்தில் ஒரு வளைவு வைக்கச் சொன்னாலே எங்கள் சைட்டில் இரண்டு நாள் வாக்குவாதம் நடக்கும்.

நானும் அங்கே போயிருக்கிறேன். கான்பூரில் ஒரு வேலை, கூடவே மச்சானும் வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கப் பிடிக்காமல் பஸ் ஏறினோம். செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போனால் முதலில் தெரிவது இருட்டுதான். கண் பழகப் பழக, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஜிகினாத் தாள் ஒட்டிய தாஸியாக்கள் (இமாம் ஹுசைனின் கல்லறை மாதிரிகள்), தொங்கும் சரவிளக்குகள், நடுவே கம்பித் தடுப்புக்குள், இதைக் கட்டவைத்த அவத் நவாப் ஆசஃபுத் தௌலாவின் கல்லறை. ஒரு ராஜ்ஜியத்தை ஆண்டவரின் சமாதி இவ்வளவு எளிமையா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. கட்டடத்தை வடிவமைத்த கிஃபாயதுல்லாவும் அதே கூரையின் கீழ்தான் அடக்கமாகியிருக்கிறார் என்கிறார்கள்.

மேலே சுவரையொட்டி, கூடத்தைச் சுற்றி ஒரு குறுகலான மாடம் ஓடுகிறது. கைடு என்னை ஒரு கோடியில் நிறுத்திவிட்டு, மச்சானைக் கூட்டிக்கொண்டு மறு கோடிக்குப் போனார். தீக்குச்சியை உரசினார். பக்கத்தில் உரசியது போலக் கேட்டது. அதற்கப்புறம் மச்சான் தமிழில் "இந்த ஆளுக்கு நூறு ரூபாய் போதும்" என்று முணுமுணுத்ததும் கேட்டது.

ஜனவரி 7, மாலை

ஒருவர் இதை "அந்தப் பெரிய மசூதி" என்று எழுதியிருந்தார். இது மசூதி இல்லை. மசூதி அதே வளாகத்தில் தனியாக, மேற்குப் பக்கம் இருக்கிறது. ஆசஃபி மசூதி என்று பெயர். வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பாருங்கள்: மசூதி மட்டும் வளாகத்தின் சதுரத்துக்கு ஒத்துவராமல் சற்றுத் திரும்பி நிற்கும். மக்காவின் திசையைப் பார்க்க வேண்டிய கட்டாயம் அதற்கு உண்டு, இமாம்பாடாவுக்குக் கிடையாது. இமாம்பாடா, முஸ்லிம்களில் ஷியா பிரிவினர் துக்கம் அனுசரிக்கக் கூடும் இடம். இராக்கின் கர்பலாவில் 680-ல் நபிகளின் பேரன் இமாம் ஹுசைனும் அவரைச் சேர்ந்தவர்களும் கொல்லப்பட்டதை முஹர்ரம் மாதத்தில் நினைத்து அழுகிற இடம். மர்சியா என்ற இரங்கல் பாட்டு, மஜ்லிஸ் என்ற கூட்டம், மார்பில் அடித்துக்கொள்வது எல்லாம் அங்கே நடக்கும். நம் கிராமங்களில் மாரடிப் பாட்டு கேட்டவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம்.

பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. முன்னால் வரும் 'படா' என்றால் பெரிய. சென்னையில் படா பேஜார் என்கிறோமே, அதே படா. பின்னால் வரும் 'பாடா' வேறு சொல், அடைப்பு அல்லது வளாகம் என்று பொருள். இமாமின் வளாகம், அதில் பெரியது.

ஜனவரி 9

திருத்தம். "1784-ல் கட்டி முடித்தது" என்று எழுதியது தப்பு. தொடங்கியதுதான் 1784. முடிய இன்னும் சில வருடங்கள் ஆயின, 1791 என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. பின்னூட்டத்தில் காதைத் திருகியவருக்கு நன்றி.

ஜனவரி 9, இரவு

எதிரியைக் குழப்பும் பாதை என்ற கதைக்கு வருகிறேன். இதற்காகவே இந்த இழையில் உட்கார்ந்திருக்கிறேன்.

நடுக்கூடத்தின் உச்சி சுமார் 15 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றியுள்ள அறைகளின் கூரைகள் அவ்வளவு உயரம் இல்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மட்டம். ஆனால் மேலே ஏறினால் நமக்குக் கிடைப்பது ஒரே சீரான மொட்டைமாடி. அப்படியென்றால் தாழ்ந்த கூரைக்கும் மாடிக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்க வேண்டும். அதை என்ன செய்வது? கல்லையும் மண்ணையும் கொட்டி நிரப்பலாம். நிரப்பினால் அத்தனை பாரமும் கீழே இருக்கும் வளைவின் தலையில் உட்காரும். கிஃபாயதுல்லா நிரப்பவில்லை. சின்னச் சின்ன வளைவுகளாகக் கட்டி, இடைவெளியைக் காலியாகவே விட்டார். ஒன்றைப் போலவே இன்னொன்றாக 489 வாசல்கள், அவற்றை இணைக்கும் இடுக்குகள், படிகள். அதுதான் பூல் புலையா என்கிற அந்தப் புதிர்ப்பாதை. பாரம் குறைந்தது, வளைவுகள் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டன, கோடையில் மாடிச் சூடும் நேராகக் கீழே இறங்காது.

ஆட்கள் வழி தவறுவது அதன் உபரி பலன். நானும் மச்சானும் கைடை விட்டுவிட்டு வீரமாகப் போய் இருபது நிமிடம் சுற்றினோம். ஒரே படிக்கட்டை மூன்று முறை ஏறினோம். கடைசியில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் கூட்டமாகப் போட்ட சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தோம். கைடு வாசலிலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். நூறு ரூபாய் இருநூறானது.

ஜனவரி 10

"சுவர் 16 அடி கனம் என்கிறார்களே, நம்பலாமா?" என்று கேட்டவருக்கு: ஒரு கூட்டல் போட்டுப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் கட்டடக்கலை வரலாறு எழுதிய ஜேம்ஸ் பெர்குஸன் அளவுகள் கொடுத்திருக்கிறார். நடுக்கூடத்தின் அகலம் 53 அடி 6 அங்குலம். இரண்டு பக்கத் தாழ்வாரங்களில் ஒன்று 26 அடி 6 அங்குலம், மற்றது 27 அடி 3 அங்குலம். மூன்றையும் கூட்டினால் 107 அடி சொச்சம். அவர் தரும் மொத்த உள் அகலமோ 145 அடி. மிச்சம் ஏறக்குறைய 38 அடியும் இவற்றுக்கு நடுவே இருக்கும் இரண்டு சுவர்கள். கைடு அதிகம் அளக்கவில்லை என்றே தோன்றுகிறது. ஆனால் 16 அடியும் கெட்டியான சுவர் என்று எண்ண வேண்டாம், அதற்குள்ளேயும் இடுக்குப் பாதைகள் ஓடுகின்றன.

ஜனவரி 10, நள்ளிரவு

அதே பெர்குஸனைப் படித்ததில் என் முதல் பதிவே ஆட்டம் காண்கிறது. நான் செங்கல் வளைவு என்று அடித்துச் சொன்னேன். அவர் எழுதியிருப்பது வேறு. செங்கல்லும் மண்ணும் வைத்து முரட்டுத்தனமாக ஒரு அச்சு எழுப்பினார்களாம். அதன் மேல் சுண்ணாம்பும் கல்லும் கலந்த கலவையைப் பல அடி கனத்துக்குப் போட்டார்களாம். ஓரிரு வருடம் அப்படியே விட்டு, இறுகிய பிறகு கீழே இருந்த அச்சைப் பிரித்து எடுத்தார்களாம். கூரை முழுதும் ஒரே துண்டு, கவிழ்த்து வைத்த மூடி மாதிரி. அதனால் பக்கவாட்டில் தள்ளவே தள்ளாது என்பது அவர் கட்சி.

ஓரிரு வருடம்! ஐந்தாம் நாளே சென்ட்ரிங் பிரிக்கச் சொல்லும் ஆட்களோடு மல்லுக்கட்டுகிற எனக்கு இதைப் படித்ததும் தூக்கம் போய்விட்டது.

ஜனவரி 11

பக்கவாட்டில் தள்ளவே தள்ளாது என்பதை நான் ஏற்கவில்லை. கலவை இறுகும்போது முடிபோல ஒரு விரிசல் விட்டாலும் ஒரே துண்டு என்ற பேச்சு போய்விடும், அப்புறம் அது சாதாரண வளைவு மாதிரிதான் நடந்துகொள்ளும். தள்ளாது என்று கட்டியவரே நம்பியிருந்தால் இரண்டு பக்கமும் தாழ்வாரமும் அந்தத் தடிச் சுவர்களும் எதற்கு? கட்டியவர் நம்பவில்லை, எழுதியவர் நம்பினார்.

ஜனவரி 11, சாயங்காலம்

மண் அச்சு என்றதும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அப்பா கொத்தனார். நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் ஊர் பேக்கரிக்கு விறகு அடுப்பு கட்டினார். சாரம் இல்லை, பலகை இல்லை. நான்கு பக்கச் சுவரை எழுப்பி, உள்ளே ஈர மண்ணை ஆமை முதுகு மாதிரி குவித்துத் தட்டினார். மேலே நனைத்த சாக்கை விரித்தார். அதன் மேல் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, இடுக்கில் சாந்தைத் திணித்துக்கொண்டே உச்சிக்கு வந்தார். சுண்ணாம்பை நானும் அம்மாவும் கடுக்காய்த் தண்ணீர் விட்டுக் குழைத்தோம், கொஞ்சம் வெல்லமும் கரைத்தோம். இருபது நாள் கழித்து அடுப்பு வாய் வழியாக மண்ணை வாரி வெளியே போட்டது நான்தான். உடம்பு சின்னது என்பதால் எனக்கு அந்த வேலை. கடைசிக் கூடை மண் வந்ததும் அப்பா மேலே ஏறிக் குதித்துக் காட்டினார். உள்ளே இருந்த எனக்கு உயிரே போனது.

லக்னோவில் நடந்தது இதுவேதான். ஆமை முதுகு மட்டும் 53 அடி அகலம்.

அங்கே செங்கல்லும் நம் செங்கல் மாதிரி இருக்காது. லகோரி என்று பெயர், மெலிசாக, பிஸ்கட் கனத்தைவிடக் கொஞ்சம் கூட. பூச்சு உதிர்ந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், ஒரு விரலுக்குள் ஒரு செங்கல் அடங்கிவிட்டது. மெலிசான செங்கல் என்றால் சாந்து அதிகம் போகும். சுண்ணாம்புச் சாந்து மெதுவாக இறுகும், அதனால் கட்டடம் கொஞ்சம் அசைந்து தன்னைச் சரிபண்ணிக்கொள்ள இடம் கிடைக்கும். சிமெண்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

ஜனவரி 13

பஞ்சக் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். சரி.

வட இந்தியாவில் 1783-84-ல் பெரும் பஞ்சம். அங்கே வழங்கும் விக்கிரம ஆண்டுக் கணக்கில் அது 1840, அதனால் சாலீஸா, அதாவது நாற்பதாம் வருடத்துப் பஞ்சம் என்று பெயர். நாம் தாது வருஷப் பஞ்சம் என்கிற மாதிரி. ஜனங்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்றுதான் ஆசஃபுத் தௌலா இந்தக் கட்டடத்தைத் தொடங்கினார் என்பது வழக்கு. "மௌலா (ஆண்டவன்) கொடுக்காதவனுக்கும் ஆசஃபுத் தௌலா கொடுப்பார்" என்று அங்கே பழமொழியே இருக்கிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு கதை: பகலில் கூலியாட்கள் கட்டியதை இரவில் கௌரவமான குடும்பத்தார் வந்து இடிப்பார்களாம். அவர்களும் பட்டினி, ஆனால் வெளியே தெரிந்தால் மானம் போகும், அதனால் இருட்டில் வேலை, விடிவதற்குள் கூலி. நான் இதைச் சுத்தப் புளுகு என்பேன். இருட்டில் அனுபவமில்லாத ஆட்கள் இடித்த சுவரின் மேல் மறுநாள் கட்டினால் அது 200 வருடம் நிற்காது. தூக்குக்குண்டு வைத்துப் பார்த்த எவனும் இதை நம்ப மாட்டான்.

ஜனவரி 14

பொங்கல் வைத்துவிட்டு வந்து பார்த்தால் எனக்கு எதிராக ஒரு பட்டாளமே நிற்கிறது. அதில் ஒருவர் எழுதியது மட்டும் தைத்தது: "நூறு நாள் வேலையில் வாய்க்கால் தூர்வாருகிறோம், மழைக்கு மறுபடி தூர்ந்துவிடுகிறது, மறுபடி வாருகிறோம். அதைப் புளுகு என்பீர்களா?"

இல்லை. இடித்தார்கள் என்பதை இன்னும் நம்பவில்லை. முகத்தை மூடிக்கொண்டு இரவில் வேலைக்கு வந்தார்கள் என்பதை நம்புகிறேன். எங்கள் தெருவில் ஒரு குடும்பம், பெயர் வேண்டாம், வாழ்ந்து கெட்டவர்கள். அந்த வீட்டுப் பெரியவர் எங்கள் சைட்டுக்கு வாட்ச்மேனாக வந்தபோது இரவு ஷிப்ட் மட்டும் போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். இந்தக் கதைக்கு நான் அவ்வளவு சுலபமாகச் சிரித்திருக்கக் கூடாது.

பஞ்ச வேலை நம் பக்கமும் நடந்ததுதான். 1877-78-ல் தாது வருஷப் பஞ்சத்தின்போது சென்னைக்குள் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டியதும் அப்படித்தான். அந்தக் காலத்து நிவாரணக் கூலி சில முகாம்களில் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சொற்பக் காசும். ஒரு ராத்தல் என்றால் அரைக் கிலோவுக்கும் கீழே. அதைத் தின்றுவிட்டு மண் சுமக்க வேண்டும்.

ஜனவரி 15

கால்வாய் என்றதும் வந்த ஞாபகம், இழையோடு சம்பந்தம் உண்டு. இதே நவாப்பின் அரசாங்கம் இராக்கிலும் ஒரு கால்வாய் வெட்டப் பணம் கொடுத்தது. ஹுசைனின் தந்தை இமாம் அலியின் அடக்கத்தலம் இருக்கும் நஜஃப் மேட்டு நிலம், குடிநீர்ப் பஞ்சம் தீராத ஊர். அமைச்சர் ஹசன் ரஸா கானின் முயற்சியில் 5 லட்சம் ரூபாய் போனது. யூப்ரடீஸ் ஆற்றிலிருந்து வெட்டி 1803-ல் முடித்தார்கள், ஹிந்தியா கால்வாய் என்றே பெயர் விழுந்தது. ஆசஃபுத் தௌலா 1797-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார், தண்ணீர் வந்ததைப் பார்க்கவில்லை.

வேடிக்கை அதற்குப் பிறகு. தண்ணீர் தாழ்வான வழியைப் பிடித்துக்கொண்டது. வருடங்கள் போகப் போக ஆறே கால்வாய்ப் பக்கம் சாய்ந்து, ஹில்லா ஊர் வழியாகப் போன பழைய கிளை வறண்டது. கடைசியில் 1913-ல் வில்லியம் வில்காக்ஸ் என்ற பொறியாளரின் திட்டப்படி ஒரு தடுப்பணை கட்டித்தான் ஹில்லாவுக்குத் தண்ணீர் திருப்பினார்கள். புதுக் கால்வாயை ஒட்டிப் பழங்குடிகள் குடியேறி விவசாயத்தில் இறங்கினார்கள், அவர்களில் பலர் 19-ஆம் நூற்றாண்டில் ஷியாக்களானார்கள். ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்கப் போய் நாட்டின் வரைபடத்தையே கொஞ்சம் மாற்றிவிட்டார்கள்.

ஜனவரி 15, இரவு

"லக்னோவில் வேறு எதைப் பார்க்கலாம்?" என்றவருக்குச் சுருக்கமாக. ரூமி தர்வாஜா பக்கத்திலேயே, 60 அடி உயர வாசல். கல்லில் செதுக்கியது போலத் தெரியும், அத்தனையும் சுதை. நம் கோபுரப் பொம்மைகள் செய்கிற அதே சுண்ணாம்பு வேலை. நவாப்களின் சின்னமான இரட்டை மீனைத் தேடிப் பாருங்கள், வாசலுக்கு வாசல் இருக்கும். சோட்டா இமாம்பாடா 1838-ல் அவத் மன்னர் முஹம்மது அலி ஷா கட்டியது, அவரும் அவர் தாயாரும் அங்கேதான் அடக்கம். சரவிளக்குகளுக்குப் பேர் போனது. எனக்கு அது நகைக்கடை மாதிரி இருந்தது. இன்னொரு அவத் மன்னர் காஸியுத்தீன் ஹைதர் அடக்கமாகியிருக்கும் ஷா நஜஃப் இமாம்பாடாவில் கூட்டம் குறைவு, எனக்குப் பிடித்தது அதுதான். சிப்பாய்க் கலகத்தின்போது, 1857 நவம்பரில், ஆங்கிலேயர் பீரங்கி கொண்டுவந்து அடித்தும் அதன் சுவர் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை.

படா இமாம்பாடாவையும் 1858-க்குப் பிறகு ஆங்கிலேயர் கோட்டையோடு சேர்த்து ஆயுதக் கிடங்காக்கி வைத்திருந்தார்கள். வளாகத்து மசூதியில் மறுபடி தொழுகை நடக்க 1880-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜனவரி 18

மண் அச்சை யாராவது நேரில் பார்த்து எழுதினார்களா, கூரையின் அடியில் தடயம் ஏதாவது உண்டா என்று முதலில் கேள்வி கேட்டவரே கேட்டிருக்கிறார். லக்னோவில் அடிப்பக்கம் முழுக்கப் பூச்சு, நமக்கு ஒன்றும் தெரியாது.

ஆனால் நேற்று ஊருக்குப் போயிருந்தேன். அந்த பேக்கரி இப்போது கேஸ் அடுப்புக்கு மாறிவிட்டது. பழைய அடுப்பை இடிக்கவில்லை, மேலே மைதா மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு செல்போன் விளக்கோடு வாய் வழியாகத் தலையை நுழைத்தேன். தோள் நுழையவில்லை. உச்சியெல்லாம் கரி. ஒரு ஆணியால் கொஞ்சம் சுரண்டினேன். செங்கல் இடுக்கில் பிதுங்கி இறுகிய சுண்ணாம்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். சாக்கு நெசவு அப்படியே பதிந்திருக்கிறது. படம் எடுத்தேன், கரியில் ஒன்றும் விழவில்லை. அடுத்த முறை நல்ல விளக்கோடு போய் எடுத்து இங்கே போடுகிறேன்.

அகலம் கேட்பீர்கள், அளந்துவிட்டேன்: ஏழே கால் அடி.